மாமியார் மலையும் காட்டேரி எண்ணும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். அதை மாற்றிக்கொள்ள நான் ஒருநாளும் முயலவில்லை. எங்கள் பாடசாலையில் இன்றைக்கு உயர்தரக் கணிதப் பிரிவு நடக்கிறது என்றால், அதில் அந்தக் கோபத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

வட்டகொடைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள பாடசாலைக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தேன். அப்போது அங்கே உயர்தரத்தில் கலைப் பிரிவு மட்டும்தான். கணிதம் படிக்க ஆசைப்படும் பிள்ளை விடியும் முன்னே பஸ் பிடித்து ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டும். மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தால் அந்த பஸ்ஸும் வராது. ஆகவே யாரும் போகவில்லை. சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைகள் கலைப் பிரிவில் உட்கார்ந்திருந்தார்கள், இல்லாவிட்டால் கொழும்பில் யாருடைய கடையிலாவது துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிபரை நச்சரித்து நச்சரித்து, கணிதப் பிரிவு கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வைத்தேன். விசாரிக்க ஓர் ஆசிரிய ஆலோசகர் வந்தார். வேற்று மனிதர் இல்லை, அவரும் தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்து படித்து மேலே வந்தவர்தான். எனக்கு அதுதான் அதிகம் எரிந்தது.

“டீச்சர், நம்ம புள்ளைங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார். “இது கஷ்டமான பாடம். சேருவாங்க, பெயிலாவாங்க. வலயத்தோட பெறுபேறு கீழ போகும். அப்பறம் என்னையும் கேப்பாங்க, உங்களையும் கேப்பாங்க. இருக்கிறத வச்சு நல்லபடியா நடத்துங்களேன்.”

“படிக்காமலே இருந்தா பெயிலாக மாட்டாங்கதான் சார்” என்றேன்.

அதிபர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். ஆலோசகர் சிரித்துக்கொண்டார். பத்துப் பிள்ளைகள் சேர வேண்டும், ஒவ்வொருவருக்கும் தாயோ தகப்பனோ நேரில் வந்து சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், தவணை முடிவதற்குள் அது நடந்தால் பார்க்கலாம் என்றார். நடக்காது என்ற நிம்மதியோடு ஜீப்பில் ஏறினார்.

ஆறு பேர் உடனே கிடைத்தார்கள். ஆறும் பையன்கள். பெண் பிள்ளைகளைத்தான் யாரும் விடவில்லை. ‘ரெண்டு வருசம் வீணாப் போகும் டீச்சர், கார்மெண்டுக்குப் போனா கைக்கு ஒரு தொழில் இருக்கும்’ என்பது எல்லா வீட்டிலும் ஒரே பதிலாக வந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கணிதத்தில் என்னை மிஞ்சக்கூடியவள். நான் பலகையில் ஒரு கணக்கை முடிக்கும் முன்பே விடையை உதட்டுக்குள் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் ஜன்னலைப் பார்ப்பாள். அவள் வந்தால் மற்றப் பெண்களும் வருவார்கள், அவள் கார்மெண்டுக்குப் போனால் அவளோடு எல்லோரும் போய்விடுவார்கள். இது எனக்குத் தெரியும், அவளுடைய அம்மாவுக்கும் தெரியும்.

அவளுடைய அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் லயத்துக்குக் கீழ் லயம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று எனக்குத் தலை பின்னிவிட்டவர். அந்த உரிமையில் நேரே அவருடைய லயத்துக் காம்பராவுக்குப் போய்க் கேட்டேன். அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி அவர் நிதானமாகத் திருப்பிக் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமே வெளங்காத ஒண்ணுக்கு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது? நீதான் படிச்சவளாச்சே. அந்தக் கணக்குல அப்பிடி என்னதான் இருக்கு, சொல்லேன் கேப்போம்.”

நான் வகையீடு என்றேன், தொகையீடு என்றேன், அது பொறியியலுக்கு உதவும் என்றேன். ரொட்டி கருகப் போகிறது என்று அக்கா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொட்டி கருகவில்லை, நன்றாகத்தான் வெந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து எனக்கே என்மேல் எரிச்சல். வகையீடும் தொகையீடுமா என்னைப் பிடித்து வைத்தது? சத்தியமாக இல்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் ஆங்கில விரிவுரை ஒன்றும் புரியாமல், பெட்டியைக் கட்டிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், விரிவுரையாளர் ஒருநாள் ‘முடி முளைத்த பந்துத் தேற்றம்’ என்று ஒன்றைச் சொன்னார். வகுப்பே தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு பந்து முழுக்க முடி இருந்தால், எப்படி வாரினாலும் எங்காவது ஒரு சுழி விழாமல் வார முடியாதாம். இதைப் போய்ப் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து நிறுவியிருக்கிறார்கள். எங்கள் லயத்தில் பிள்ளை பிறந்தவுடன் தலையில் சுழியைத்தான் தேடுவார்கள், இரட்டைச் சுழி என்றால் இரண்டு பெண்டாட்டி என்று கேலி செய்வார்கள். அந்த உலகமும் இந்த உலகமும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நான் பெயர் பொறுக்க ஆரம்பித்தேன். காட்டேரி எண் என்று ஒன்று உண்டு. குரங்குச் சேணம் என்று ஒரு வளைந்த பரப்பு உண்டு, குரங்கு உட்கார்ந்தால் இரண்டு காலுக்கும் பள்ளம் போக வாலுக்கும் ஒரு பள்ளம் இருக்கும். முத்த எண் என்று கூட ஒன்று உண்டு. ஒரு பந்தைச் சுற்றி அதே அளவுப் பந்துகள் எத்தனை அதைத் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்ற கணக்கு அது. அதிபர் இருக்கும்போது நான் அதைச் சொல்வதில்லை.

ஒரு பெயரை மட்டும் யார் இருந்தாலும் சொல்ல மாட்டேன். எந்த எண்ணின் வகுத்திகளையும், அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு, கூட்டினாலும் கிடைக்காத சில எண்களுக்குத் ‘தீண்டத்தகாதவை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்து அப்படி ஒரு எண். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து பெயர் வைத்தவருக்கு அந்தச் சொல் யார் யாருடைய முதுகில் ஏறியிருந்தது என்று தெரியாது, எனக்குத் தெரியும். ஐந்து என்ன பாவம் செய்தது? என் பலகையில் அந்தச் சொல் ஏறாது, யார் வந்து எழுதச் சொன்னாலும் ஏறாது.

சரி, இந்தப் பெயர்களையே சொல்லிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பெற்றோர் கூட்டம் வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள், வேலையை விட்டு எப்படி வருவார்கள்? ஆகவே அவர்கள் இருக்கும் இடத்துக்கு நான் போனேன். ஒரு சனிக்கிழமை மதியம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு. பெண்கள் காலையில் பறித்த கொழுந்தைச் சாக்கோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, நிறுத்து முடியும்வரை அங்கேதான் காத்திருப்பார்கள். அன்றைக்குத் தராசில் ஏதோ கோளாறு, கணக்கப்பிள்ளை அதைத் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் என்று நான் பையிலிருந்து சோக்கை எடுத்தேன்.

சீமெந்துத் தரையில் குந்தி 1260 என்று எழுதினேன். இருபத்தொன்றை அறுபதால் பெருக்கினால் ஆயிரத்து இருநூற்று அறுபது. பெருக்கிய இரண்டு எண்ணிலும் இருந்த அதே இலக்கங்கள்தான் விடையிலும் இடம் மாறி நிற்கின்றன. இதற்குக் காட்டேரி எண் என்று பெயர், பெருக்கிய இரண்டும் அதன் கோரைப் பல் என்றேன்.

“பட்டப்பகல்ல வந்து காட்டேரியப் பத்திப் பேசுறா பாரு” என்று ஒரு பெண் காலை மடக்கி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

அடுத்து சாண்ட்விச் தேற்றம். ரொட்டி, சம்பல், பருப்பு மூன்றும் ஒரு தட்டில் எப்படிக் கிடந்தாலும், ஒரே நேரான வெட்டில் மூன்றையும் சரிபாதியாகப் பிரிக்க ஒரு வழி கட்டாயம் உண்டு என்று சொன்னேன். இரண்டு பையன்களைப் பெற்ற ஒரு அம்மா, அந்தக் கத்தி எங்கே விற்கிறது என்று கேட்டார். கத்தி விற்பதில்லை, எங்கே வெட்டுவது என்றும் தேற்றம் சொல்லாது, அப்படி ஒரு வெட்டு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும் என்றேன். “அப்ப அது எங்க சங்கத் தலைவர் மாதிரி பேசுது” என்றார். கணக்கப்பிள்ளையே சிரித்துவிட்டார்.

குடிகாரன் நடை என்று நான் சொன்னதும் மடுவம் முழுக்க என் பக்கம் திரும்பியது. ஒரு குடிகாரன் ஒவ்வொரு சந்தியிலும் எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறான். மட்டமான ஊராக இருந்தால், அவன் எப்படியும் ஒருநாள் புறப்பட்ட வாசலுக்கே வந்து சேருவான் என்று கணிதத்தில் நிறுவியிருக்கிறார்கள்.

“வந்து சேந்துருவாரா? நெசமாவா?” என்றார் ஒருவர்.

“நெசமாத்தான்.”

“எப்ப வருவாருன்னு சொல்லுதா?”

“அத மட்டும் சொல்லாது. சராசரி போட்டா முடிவே இல்லாத நேரம் வருது.”

“அது சரி, எங்க வீட்டுக் கணக்கும் அதுதான்” என்றார் அவர். கண்ணில் தண்ணீர் வரும்வரை எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்து லொறி ஓட்டும் சிங்களவர் என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தார். குடிகாரன் நடை என்பதை ‘பேபத்தாகே கமன’ என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தன் மச்சானின் கதை என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் தலையை ஆட்டிக்கொண்டு லொறியில் சாய்ந்து நின்றார். ‘ஆனா இது மட்டமான ஊரா, மேடும் பள்ளமுமால்ல கெடக்கு’ என்று யாரோ ஒருத்தி சந்தேகம் கேட்டாள். அதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் குரல் வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. சாக்குமேல் கை வைத்தபடி நின்றிருந்தார்.

“நிறுத்து. யார் வச்ச பேர் இதெல்லாம்?”

“கணக்கு படிச்சவங்க வச்சதுக்கா.”

“படிச்சவங்க காட்டேரி, குடிகாரன்னா பேர் வைப்பாங்க? தோட்டத்து ஆளுகளுக்கு வெளங்காதுன்னு நீயா ஒரு பேர் வச்சு வெளையாட்டுக் காட்டுற. ஓட்டுக் கேக்க வர்றவங்களும் இப்பிடித்தான், எங்களப் பாத்தா மட்டும் கதை சொல்லுவாங்க. நீயும் அப்பிடி ஆயிட்டியா?”

சிரிப்பு அப்படியே அடங்கிப் போனது. எல்லோர் முகத்திலும் அதே சந்தேகம் ஏறுவதைப் பார்த்தேன். நான் அவர்களைக் குழந்தைகளாக நினைத்துவிட்டேன் என்று நம்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சோக்கைத் தரையில் வீசிவிட்டேன்.

“ஏன்க்கா, நீங்க நேத்து எந்த மலையில பறிச்சீங்க?”

“மாமியார் மலையில. அதுக்கென்ன?”

“தொரையோட படத்துல அப்பிடி ஒரு மலை இருக்கா?”

இல்லை. தோட்டத் துரையின் வரைபடத்தில் அது பதினொன்றாம் நம்பர். எங்கள் தோட்டத்தில் எல்லா மலைக்கும் கம்பனிக்காரர்கள் நம்பர்தான் போட்டிருக்கிறார்கள், பெரட்டில் காலையில் வேலை பிரிக்கும்போதும் நம்பர்தான் சொல்வார்கள். ஆனால் கொழுந்து பறிக்கிறவர்கள் வாயில் ஒரு நம்பரும் வராது. அட்டை நிறைந்த மலை அட்டைக்காடு. சறுக்கி விழ வைக்கிற மலை வழுக்கு மலை. எவ்வளவு பறித்துப் போட்டாலும் போதாது என்று கங்காணியைக் கத்த வைக்கிற மலை மாமியார் மலை.

“மாமியார் மலைன்னு பேர் வச்சது படிக்காத கழுதைகளா?” என்று கேட்டேன். “நாள் முழுக்க அங்க நின்னு காலு கடுத்துப் போனவங்கதானே வச்சாங்க? அங்க வேலை செய்யாத தொர நம்பர் போடுவாரு. வேலை செஞ்சவங்க பேர் வைப்பாங்க. கணக்கு படிச்சவங்களும் அப்பிடித்தான்க்கா. வருசக்கணக்கா ஒரே கணக்குல நின்னு, கழுத்து வலிச்சு, சலிச்சுப்போயி காட்டேரின்னு பேர் வச்சிருக்காங்க. நான் எதுவும் வைக்கல. எனக்கு அவ்வளவு மூளையும் கெடையாது.”

கத்தித்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, கொஞ்சம் அழுகையும் வந்தது. கணக்கப்பிள்ளை தராசு சரியாகிவிட்டது என்று சொல்லி வரிசைக்கு வரச் சொன்னார். அக்கா நகரவில்லை.

“அப்ப அங்கயும் வேலை பாக்குறவங்கதான் பேர் வைக்கிறாங்க” என்றார், என்னிடம் இல்லாமல் தனக்கே சொல்கிற மாதிரி.

“ஆமா.”

“அந்தப் பேர் வைக்கிற ஆளுகள்ல நம்ம பக்கத்து ஆளு யாராச்சும் இருக்காங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லக்கா.”

அக்கா சாக்கைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார். நான் தரையில் கிடந்த சோக்கைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டபோது மடுவத்தில் கத்தினாயாமே என்று கேட்டார். செய்தி எனக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

தவணையின் கடைசி நாளில் ஆலோசகர் மறுபடி வந்தார். அதுவரைக்கும் ஆறு ஆறாகவே இருந்தது. அதிபரின் அறையில் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முயற்சி செய்தீர்கள், பாராட்ட வேண்டும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஆறுதலை அவர் தலையிலேயே கொட்ட வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. அக்கா நின்றிருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை, மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருந்தார். மழைத் தண்ணீர் சொட்டி வாசல் நனைந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு அம்மாக்கள், எல்லோரும் அதே கோலம். அரை நாள் பெயரும் கூலியும் போனால் போகட்டும் என்று வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பெண் பிள்ளைகள் ஐந்து பேரும் சீருடையோடு தாழ்வாரத்தில் ஒட்டி நின்றார்கள்.

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார் அக்கா.

ஆலோசகர் எழுந்து நின்றார். மரியாதையான மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. நாற்காலியைக் காட்டினார், அக்கா உட்காரவில்லை.

“அம்மா, அவசரப்படாதீங்க. டீச்சர் ஏதோ வேடிக்கையாச் சொல்லியிருப்பாங்க. பரீட்சையில அந்தப் பேரெல்லாம் வராது. இது சரியான கஷ்டமான பாடம். நல்லா யோசிங்க. நாளைக்குப் புள்ள பெயிலாகிட்டா என்ன பண்ணுவீங்க?”

என் வாய் திறந்துவிட்டது. அக்கா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

“பெயிலாகுறதுக்கும் மொதல்ல ஒரு கிளாசு வேணும்ல சார்” என்றார். “நான் எதுலயும் பெயிலானதில்ல. எங்கம்மாவும் ஆனதில்ல. எங்கள யாரும் உக்கார வச்சுப் பாத்ததே இல்ல. எம் மக உக்காந்து எழுதிட்டுப் பெயிலாகட்டும். நான் பாத்துக்கிறேன்.”

அதிபர்தான் பேனாவை எடுத்து நீட்டினார். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி, தன் பெயரை முழுக்க எழுதினார். மற்ற நான்கு பேரும் எழுதினார்கள். ஒருவருக்கு எழுதத் தெரியாது, அவர் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். கடைசியாக ஆலோசகரும் அனுமதிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

பதினொரு பேரோடு வகுப்பு தொடங்கியது. பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் கழுவிக் கொடுத்தார்கள். மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் நான் சொல்வது எனக்கே கேட்காது, பலகையில் எழுதி எழுதியே பாடம் நடத்தினேன். இரண்டு வருடம் ஓடியதே தெரியவில்லை.

பெறுபேறு வந்த அன்று, பல்கலைக்கழகம் போகிற அளவுக்கு ஒரு பையன் எடுத்திருந்தான். இன்னும் சிலர் தேறியிருந்தார்கள். அக்காவின் மகள் பெயிலாகியிருந்தாள். பரீட்சை வாரம் முழுக்கக் காய்ச்சல் அவளுக்கு, இரண்டாம் பத்திரத்தில் பாதியைத் தொடவே இல்லை. காரணம் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள முடியவில்லை.

மதியம் ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார்.

“பாத்தேன் டீச்சர். அன்னைக்கே சொன்னேனே, அந்த அம்மாகிட்டயும் சொன்னேன். இப்ப என்ன சொல்றாங்க?”

அந்த அம்மா காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். மறுபடி எழுதுவதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார், கொழுந்துக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அவருடைய மகள் அந்த நேரத்தில் எனக்கு எதிரே, கழுவிக் கொடுத்த அதே அறையில் நின்று, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நிறையப் பேர் சுவரோரம் தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள்.

“ஆமா சார், பெயிலாகிட்டா” என்றேன். “மறுபடி எழுதப் போறா. இந்த வருசம் புதுசா பதினாறு பேர் சேந்திருக்காங்க, ஒம்போது பொம்பளப் புள்ளைங்க. பெஞ்சு பத்தல சார், அனுப்பி வைங்க.”